உங்களுக்குத் தெரியுமா? டர்போ டீசல்: கழிவுப் புகையில் சுழலும் சக்கரம்

தியாகதுருகத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை, மணலூர்பேட்டையில் தென்பெண்ணையைத் தாண்டுகிறது. ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் வண்டி, நெல் மூட்டை லாரி, அறுவடை இயந்திரம், போர்வெல் ரிக், அரசுப் பேருந்து என்று இந்தப் பக்கத்துப் பிழைப்பு பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகிறது. இவற்றில் கனமான சுமை இழுப்பது எதுவானாலும், அதன் இன்ஜினோரம் நத்தைக்கூடு வடிவில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் டர்போ. நூறாண்டு தாண்டிய அதன் கதையில் நம் மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு.

வீணாகும் சூடு

டீசல் எரிந்து கிடைக்கும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானதே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ரேடியேட்டர் வழியாக ஒரு பங்கு போகிறது. சைலன்சர் வழியாகப் புகையோடு இன்னொரு பங்கு போகிறது. அந்தப் புகை வெளியேறும் வழியில் ஒரு சிறு டர்பைன் சக்கரத்தை வைத்து, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அமுக்கும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால் அதுவே டர்போ. விறகடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தீ எழும்புவதுபோல, அமுக்கிய காற்று உள்ளே போனதும் அதே அளவு இன்ஜினில் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்க முடிகிறது. ஊதுவதற்குத் தனியாக எரிபொருள் செலவில்லை. ஊதும் வேலையில் பெரும்பகுதியைக் கழிவுப் புகையே செய்துவிடுகிறது.

20 ஆண்டு காத்திருந்த காப்புரிமை

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1879ல் பிறந்த ஆல்ஃபிரட் பூக்கி. 1905 நவம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயது 26. கொதிக்கும் புகையில் பல ஆயிரம் சுற்றுகள் சுழன்றும் உருகாத, வளையாத உலோகம் அன்று கைவசம் இல்லை. ஊரறியக் காட்டும்படியான வெற்றி 1925ல்தான் அவருக்குக் கிடைத்தது. இடைப்பட்ட 20 ஆண்டும் அவர் அதைக் கைவிடவில்லை.

முதலில் ஏறியது கப்பலில்

1920களின் நடுவில் 'பிராய்சன்', 'ஹன்செஸ்டாட் டான்ஸிக்' என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் 10 சிலிண்டர் டீசல் இன்ஜின்களில் பூக்கியின் முறையில் டர்போ பொருத்தினார்கள். 1,750 குதிரைத்திறன் தந்த இன்ஜின் 2,500 தந்தது. சிலிண்டரைப் பெரிதாக்காமல், எண்ணிக்கையைக் கூட்டாமல், 40 சதவீதத்துக்கு மேல் பலம் கூடியது.

மல்லாட்டை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக்கும் டீசல் இன்ஜினுக்கும் பழைய உறவு உண்டு. 1900ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. எண்ணெய் மாறியிருப்பது பார்வையாளர்களில் சிலருக்குத்தான் தெரிந்தது என்று டீசல் இன்ஜினை உருவாக்கிய ருடால்ஃப் டீசல் பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஆனால் இன்றைய டர்போ வண்டியில் செக்கெண்ணெயை ஊற்றிப் பார்க்க வேண்டாம். அதன் கெட்டித்தன்மையும் பிசினும் டீசலைத் தெளிக்கும் மயிரிழைத் துளை கொண்ட நாசிலை அடைத்துவிடும்.

முதல் டீசலின் திறன்

1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட ருடால்ஃப் டீசலின் இன்ஜின், எரிபொருளின் சூட்டில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்களில் பெரும்பாலானவை 10 சதவீதத்தைத் தாண்டத் திணறின.

கல்வராயனில் ஏறும்போது

கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம். 3,000 அடியில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு லோடு ஏற்றிக்கொண்டு வளைவுகளில் ஏறும் டர்போ இல்லாத வண்டிக்கு, இழுவை அதிகம் வேண்டிய இடத்திலேயே மூச்சு குறைகிறது. டர்போ வண்டியில் காற்று மெலிந்தாலும் அமுக்கும் சக்கரம் கூடுதல் வேகத்தில் சுழன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். 1918ல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஒரு பெட்ரோல் விமான இன்ஜினைக் கொண்டுபோய் இதை நிரூபித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் மலையுச்சியில் 230க்கு இறங்கியது. டர்போ மாட்டியதும் 356 தந்தது.

லாரிக்கு வந்த நாள்

கப்பலுக்குப் பெரிய டர்போ செய்வது எளிது. லாரிக்குள் அடங்கும் சிறிய டர்போவைச் செய்வதுதான் கடினம். சக்கரம் சிறுத்தால் சுற்று வேகம் பல மடங்கு ஏற வேண்டும். சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் 1938ல் டர்போ டீசல் லாரி இன்ஜினைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1954ல் ஸ்வீடனின் வோல்வோ தன் 'டைட்டன்' லாரியில் டர்போ வைத்து 150 குதிரைத்திறனை 185 ஆக்கியது. லாரிகளில் டர்போ பரவலானது அதன் பிறகுதான்.

பந்தயத்தில் முதலிடம், தூசியால் தோல்வி

1952 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனம் ஒரு டர்போ டீசல் காரை இறக்கியது. ஓட்டியவர் ஃப்ரெட் அகபாஷியன். தகுதிச் சுற்றில் தேறி முதலிடத்திலிருந்து புறப்பட்டது அந்தக் கார். ஆனால் காற்று உள்ளே போகும் வாய் தாழ்வாக முன்பக்கம் இருந்தது. டயர்த் துகளும் தூசியும் டர்போவை அடைத்துவிட, சுமார் 70 சுற்றில் கார் வெளியேறியது. வயல் தூசியில் வேலை செய்யும் அறுவடை இயந்திரக்காரர்கள் ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டித் துடைப்பதற்குக் காரணம் வேண்டுமானால், இந்த ஒரு பந்தயமே போதும்.

சென்னைக்கு டீசல் வந்த கதை

1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் கார்களைக் கோத்தது. பிரிட்டனின் லேலண்ட் பங்கு சேர்ந்ததும் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வகை டீசல் இன்ஜின்களை 1950களில் செய்யத் தொடங்கியது. சிம்சன் சேர்ந்த அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லிருந்தே செம்பியத்தில் பிஸ்டன் வார்க்கிறது. 1960ல் தொடங்கிய டாஃபே டிராக்டர்களுக்குச் சிம்சன் இன்ஜின் வந்தது. பின்னாளில் டர்போ வந்தபோது, அதைத் தாங்கும் பிஸ்டனும் பேரிங்கும் வார்க்கும் கைகள் இங்கே ஏற்கெனவே தேர்ந்திருந்தன. 1980ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் புதிய 6 சிலிண்டர் இன்ஜின்கள் வந்தன. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நிறுவனத்தின் சேசிஸ்தான் அடித்தளம்.

697 டிசி என்றால் என்ன?

டாடா லாரிக்காரர்கள் வாயில் 497, 697 என்ற எண்கள் சாதாரணமாக வரும். முதல் இலக்கம் சிலிண்டர்களின் எண்ணிக்கை. அடுத்த 97, சிலிண்டர் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். 697ல் ஆறு சிலிண்டர், 5,675 சிசி. 497ல் நான்கு சிலிண்டர், 2,956 சிசி. பின்னால் டிசி என்று இருந்தால் டர்போ உண்டு என்று பொருள். டிசிஐசி என்றால் அமுங்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் உண்டு. பழைய வண்டி வாங்கப் போகிறவர் இன்ஜின் தகட்டில் முதலில் பார்க்க வேண்டிய எழுத்துகள் இவை.

டர்போ பிறக்கும் ஊர்

மாமல்லபுரம் போகும் வழியில் பையனூரைத் தாண்டியிருப்பீர்கள். 1982ல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை அங்கே இருக்கிறது. ஜெர்மனியின் கேகேகே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கி, இந்தியாவின் கார், லாரி, டிராக்டர்களுக்கு டர்போ செய்து தருகிறது. பூக்கி 20 ஆண்டு தேடிய உலோக வித்தை இன்று செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிலாளர்களின் அன்றாட வேலை.

ரயில் இன்ஜின் கரும்புகை விட்டது ஏன்?

தென்னகத்து மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்டிஎம்-4 ரயில் இன்ஜின்களை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்க ஆல்கோ வகையைச் சேர்ந்த அவற்றில் 1,400 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர் டர்போ டீசல் இருந்தது. நிலையத்திலிருந்து கிளம்பும்போது கரும்புகை குபுகுபுவென்று எழும். ஓட்டுநர் வேகக் கைப்பிடியைத் திருகியதும் டீசல் உடனே கூடிவிடும். டர்போவின் கனத்த சக்கரம் வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அதுவரை காற்றுப் பற்றாது, டீசல் பாதி எரிந்து கரியாகும். வேகம் பிடித்ததும் புகை மெலிந்துவிடும். டர்போ தாமதம் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். 7,000 அடிக்கு மேலுள்ள ஊட்டிக்குக் குன்னூரிலிருந்து நீலகிரி மலை ரயிலை இழுத்ததும் இதே ஒய்டிஎம்-4தான்.

நிமிடத்துக்கு லட்சம் சுற்று

லாரி டர்போவின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் சுற்று சுழலும். சிறிய கார் டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குண்டு பேரிங் கிடையாது. தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. ஒருபக்கம் பல நூறு டிகிரி சூட்டுப் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் அந்த ஆயில் மட்டும்தான் காவல். மலை ஏறி முடித்ததும் சட்டென்று இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே தங்கிய ஆயில் கரியாக உறையும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது டர்போவின் ஆயுளைக் கூட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினை உறுமவிடாமல் ஆயில் மேலேற அவகாசம் கொடுப்பதும் அப்படித்தான்.

அமுக்கினால் சூடேறும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது தெரியும். டர்போவிலும் அமுங்கிய காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாகும். சூடான காற்று விரிந்துவிடுவதால் சிலிண்டருக்குள் குறைவாகத்தான் போகும். அதைக் குளிரவைத்து அடர்த்தியாக்கி அனுப்பவே ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர். அதன் ரப்பர் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் பிக்கப் குறையும், புகை கூடும், மைலேஜ் இறங்கும். டர்போ போய்விட்டது என்று செலவு செய்வதற்கு முன் அந்தக் குழாயையும் கிளாம்பையும் பார்த்துவிடுங்கள்.

காருக்குள் வந்தது

உற்பத்தி வரிசையில் வந்த முதல் டர்போ டீசல் கார் மெர்சிடிஸ் 300 எஸ்டி, 1978ல் அமெரிக்கச் சந்தைக்காக வந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் பியூஜோ 604 வந்தது. இந்தியச் சாலைகளில் 1998ன் டாடா சஃபாரியும் 2002ன் மகிந்திரா ஸ்கார்பியோவும் டர்போ டீசலை வீட்டு வண்டியாக்கின. 2006ல் ஆடி ஆர்10 பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. டீசல் கார் ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை.

இருங்காட்டுக்கோட்டையின் பங்கு

2002ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ வந்தது. இந்தியாவின் முதல் காமன் ரயில் டீசல் கார்களில் அது ஒன்று. காமன் ரயில் என்பது எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாய். தொடக்கத்திலேயே அதன் அழுத்தம் சுமார் 1,350 பார் வரை இருந்தது. லாரி டயரில் இருப்பது 8 பார் அளவுதான். அந்த அழுத்தத்தில் டீசல் பனிபோல் சிதறி, டர்போ தரும் காற்றோடு நன்றாகக் கலந்து எரிகிறது. இத்தகைய பம்பும் நாசிலும் செய்யும் டெல்ஃபி டிவிஎஸ் ஆலை அருகிலேயே மண்ணூரில் இருக்கிறது.

கிணற்றடி ஆயில் இன்ஜினுக்கு ஏன் டர்போ இல்லை?

மின்சாரம் வருமுன் நம் கிணறுகளில் தண்ணீர் இறைத்தவை ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின்கள். அவற்றில் புகை விட்டுவிட்டுத்தான் வரும். டர்பைன் ஒரே சீராகச் சுழல அடுத்தடுத்துப் புகை வர வேண்டும். மூன்று, நான்கு, ஆறு சிலிண்டர் இருந்தால் அது நடக்கும். மேலும் கிணற்று இன்ஜின் மெதுவாக, ஒரே வேகத்தில், பல மணி நேரம் ஓட வேண்டியது. அதற்குச் சிக்கனமும் எளிய பழுதுபார்ப்பும்தான் தேவை. எல்லா இடத்திலும் டர்போ சிறந்தது என்பதில்லை.

பாறையை உடைப்பதும் டர்போதான்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும், ஆப்பிரிக்கா வரைக்கும் போய் போர் போடுகின்றன. அவற்றின் முதுகிலிருக்கும் ராட்சதக் கம்ப்ரசரை ஓட்டுவது ஒரு டர்போ டீசல் இன்ஜின். அந்த அழுத்தக் காற்றுதான் பல நூறு அடிக்குக் கீழே சுத்தியலை அடிக்கவைத்துப் பாறையை உடைக்கிறது. உடைந்த தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அதுவே. நம் கருங்கல் பூமியில் தண்ணீரைத் தொடவைத்த தொழில் இது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன. அப்படி நீரில் மூழ்கிய டீசல் வண்டியை எக்காரணம் கொண்டும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்றுக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டர்போ வண்டியில் இன்டர்கூலர் தாழ்வாக இருப்பதால் அதிலும் தண்ணீர் தேங்கும். ஃபில்டர், குழாய், இன்டர்கூலர் மூன்றையும் கழற்றி வடித்து, ஆயிலையும் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

மாடிவீடு உயர இன்ஜின்

2006ல் கடலில் இறங்கிய எம்மா மார்ஸ்க் கப்பலின் 14 சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜினின் எடை சுமார் 2,300 டன். பலம் ஒரு லட்சத்து 9 ஆயிரம் குதிரைத்திறன். எரிபொருள் சூட்டில் ஏறக்குறைய பாதியை வேலையாக்கும் சில இன்ஜின்களில் இந்த வகையும் ஒன்று. வேகமோ நிமிடத்துக்கு 102 சுற்றுதான்.

டீசலில் குறைந்த கந்தகம்

1990களின் நடுவில் இந்திய டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 10,000 பங்கு வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. 2010ல் நாடு முழுவதும் அந்த வரம்பு 350 ஆனது. 2017ல் 50 ஆனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது 10க்கு இறங்கியது. கந்தகம் குறைந்ததால்தான் சைலன்சரில் கரி வடிகட்டியும் வினையூக்கியும் வைக்க முடிந்தது. டர்போ காற்றைக் கூட்டிக் கரியைக் குறைத்தது. மிச்சத்தை இந்த வடிகட்டி பிடிக்கிறது.

வயல் யூரியா வேண்டாம்

பிஎஸ்-6 லாரிகளில் டீசல் டாங்க் பக்கத்தில் இன்னொரு சிறு டாங்க் இருக்கும். அதில் ஊற்றும் திரவம், 32.5 சதவீதம் தூய யூரியா கலந்த சுத்த நீர். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது அதன் வேலை. உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் மிச்சம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2015லிருந்து நம் விவசாய யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டு வருகிறது. அந்தப் பூச்சும் மற்ற கலப்பும் வினையூக்கியைக் கெடுக்கும். மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு பட்டறைக்குப் போய்விடும்.

புகையின் நிறம் சொல்லும் சேதி

கறுப்பு என்றால் காற்றுப் பற்றவில்லை: ஏர் ஃபில்டர், டர்போ குழாய், நாசிலைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங் அல்லது டர்போவின் சீல் தேய்ந்திருக்கலாம். ஓடிச் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே கசிகிறது.

நம் கையில் இருப்பது

காற்றை அதிகம் கொடுத்தால் டீசல் சுத்தமாக எரியும் என்பதுதான் டர்போவின் முழுச் சாரம். அந்த நன்மை நமக்குக் கிடைப்பது வண்டியைப் பராமரிப்பதைப் பொறுத்தது. கரும்புகை விடும் வண்டியின் பின்னால் பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவருக்கு அதன் பாரம் தெரியும். சரியான ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள், ஃபில்டரைத் தள்ளிப்போடாதீர்கள், புகைச் சான்றிதழை வெறும் தாளாக நினைக்காமல் உண்மையாகச் சோதித்து வாங்குங்கள். லாரிக்காரருக்கு டீசல் மிச்சமாகும், ஊருக்குக் காற்று மிச்சமாகும்.